தமிழில் திரித்துவம்: 16, 17ஆம் நூற்றாண்டுகளின் சொல்லாக்கம்

பிதா, சுதன், பரிசுத்த ஆவி ஆகிய மூவரும் ஒரே கடவுள் என்னும் கிறிஸ்தவக் கோட்பாடு திரித்துவம் எனப்படுகிறது. தமிழில் முதலில் அச்சான நூல்கள் இக்கோட்பாட்டைக் கற்பிக்கும் மறைக்கல்வி நூல்களே.

1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சேவியர், தமிழறிந்தவர்களின் துணையுடன் செபங்களை மொழிபெயர்க்கச் செய்தார். விசுவாசப் பிரமாணத்தில் ‘விசுவசிக்கிறேன்’ என்று இருக்கவேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்ற சொல் புகுந்துவிட்டது. பிழையை அறிந்த சேவியர், அதைத் திருத்தும்படி 1544-ல் தன் உடன் ஊழியர் மான்சிலாசுக்குக் கடிதம் எழுதினார். அதுவரை பரதவர்கள் கடவுளை நம்புவதாக அல்ல, கடவுள் வேண்டும் என்றே ஓதிவந்தனர். பக்திக்கு அதில் குறையில்லை, பிரமாணத்துக்குத்தான் குறை.

அக்கால ஐரோப்பாவில் இத்தகைய பிழை சிறியதல்ல. திரித்துவத்தை மறுத்த மைக்கேல் செர்வீட்டஸ் 1553-ல் ஜெனீவாவில் எரிக்கப்பட்டார். அடுத்த ஆண்டே லிஸ்பனில் ரோமன் எழுத்தில் தமிழ் மறைக்கல்வி நூல் ஒன்று அச்சாயிற்று. தமிழ் எழுத்திலேயே அச்சான ஹென்றிக்கஸ் பாதிரியாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578-ல் கொல்லத்திலும், ‘கிரிசித்தியானி வணக்கம்’ 1579-ல் கொச்சியிலும் வெளிவந்தன.

மொழிபெயர்ப்பாளர்களுக்கு எளிதாகக் கைக்கெட்டிய சொல் மும்மூர்த்தி. 1516 வாக்கில் எழுதிய போர்ச்சுக்கீசியரான துவார்த்தே பார்போசா, பிரம்மா, விஷ்ணு, மகேஸ்வரன் மூவரையும் திரித்துவமாகவே கண்டார். ஆனால் படைத்தல், காத்தல், அழித்தல் எனத் தொழிலால் பிரிந்த மூவரைக் கொண்டு இக்கோட்பாட்டை விளக்கினால், கேட்பவர் மூன்று கடவுளர் என்றே கொள்வர். திரித்துவத்தின்படி மூவருக்கும் உள்ளியல்பு ஒன்று, படைப்பும் மூவருக்கும் பொது. ஆகவே பிதா, சுதன் என்னும் வடசொற்கள் ஏற்கப்பட்டன. மூன்றாமவருக்கு மட்டும் ‘இஸ்பிரீத்து சாந்து’ என்ற போர்ச்சுக்கீசியச் சொல் அப்படியே நின்றது. தமிழில் ஆவி என்றால் உயிர், பேய், நீராவி எல்லாம்தான். அந்தத் தயக்கம் புரிந்துகொள்ளக்கூடியதே.

‘பெர்சோனா’ என்ற இலத்தீன் சொல்லுக்கு ‘ஆள்’ என்ற சொல் கத்தோலிக்க மறைக்கல்வியில் வழங்கியது. ஒரே கடவுள், மூன்று ஆட்கள் என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்தனர். பேச்சுத் தமிழில் மூன்று ஆள் என்றால் மூன்று தனி மனிதர். தவிர்க்க நினைத்த பொருளே பின்வாசல் வழியாக வந்தது. 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி கடவுளைக் குறிக்கும் தம்பிரானை விடுத்துச் ‘சர்வேசுரன்’ என்றார். அவருடைய பல சொற்கள் நிலைபெற்றன, ‘இஸ்பிரீத்து சாந்து’வும் கத்தோலிக்கச் செபங்களில் 20ஆம் நூற்றாண்டுவரை ஒலித்தது. சீர்திருத்தச் சபைகளின் தமிழில் ‘பரிசுத்த ஆவி’, ‘திரியேக தேவன்’ ஆகியவை வேரூன்றின. இன்றைய கத்தோலிக்கர் ‘தூய ஆவி’, ‘மூவொரு கடவுள்’ என்கின்றனர்.