கைதியாய் மாண்ட கப்பற்தலைவரும் பெயரற்ற பரங்கிப்பேட்டைச் சிறுவனும்

கொட்டியாரக் குடாவிற்கும் மலைநாட்டுத் தலைநகரான கண்டிக்கும் இடைப்பட்ட நிலத்தில் மாத்தளை அமைந்துள்ளது. 1681இல் இலண்டனில் வெளிவந்த றொபேட் நொக்ஸின் நூல், மாத்தளையைக் கண்டி இராச்சியத்தின் பிரிவுகளுள் ஒன்றாகக் குறிப்பிடுகின்றது. இரண்டாம் இராசசிங்கனின் கைதியாகப் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, 1679இல் தப்பிய இந்நூலாசிரியரை வரலாற்று மாணவர் அறிவர். அதே பெயருடைய அவர் தந்தை கைதியாகவே இறந்தவர். அவரது மரணம் எவ்வாறு நினைவுகொள்ளப்பட்டது என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தந்தை நொக்ஸ், ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியின் சேவையிலிருந்த 'ஆன்' என்னும் கப்பலின் தலைவர். 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் வீசிய புயலால் பாய்மரம் இழந்த அக்கப்பல், செப்பனிடுவதற்காகக் கொட்டியாரத்திற்கு அனுப்பப்பட்டது. 1660இல் அங்கு ஒரு புளியமரத்தடியில் தலைவரும் மாலுமிகள் சிலரும் பிடிபட்டனர். மொத்தம் பதினாறு பேர் கைதிகளாயினர். தந்தையின் கட்டளையைத் தெரிவிக்கக் கப்பலுக்கு அனுப்பப்பட்ட பத்தொன்பது வயது மகன், அங்கேயே தங்கித் தப்பியிருக்கலாம். எனினும் அவர் தந்தையிடம் மீண்டார்.

இவர்களைப் போர்க்கைதிகள் எனலாமா? இங்கிலாந்துக்கும் கண்டிக்கும் அன்று போர் இல்லை. 'ஆன்' அரச கடற்படைக் கப்பலும் அன்று, வணிகக் கப்பலே. ஆயினும் 1658இல் யாழ்ப்பாணம் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறியிருந்தது. கரையோரம் ஓர் ஐரோப்பியரிடமிருந்து மற்றோர் ஐரோப்பியருக்குக் கைமாறுவதைக் கண்ட மன்னன், கடிதமோ காணிக்கையோ இன்றி வந்த கப்பலை ஐயுற்றதில் வியப்பில்லை. வணிகமும் படையும் பிரிக்கவியலாதிருந்த காலம் அது.

கைதிகள் வெவ்வேறு ஊர்களில் வைக்கப்பட்டனர். அவர்களுக்கு உணவளித்தல் ஊர்மக்களின் கடமையாயிற்று. தந்தையும் மகனும் மாத்தளைக்கு மேற்கே, இன்றைய குருணாகல் மாவட்டத்துப் பண்டார கொஸ்வத்தையில் இருத்தப்பட்டனர். இருவரையும் குளிர்சுரம் பற்றியது. மகனையும் சிறைக்கு உள்ளாக்கினோமே என்ற துயரோடு, 1661 பெப்ரவரி 9ஆம் நாள் தந்தை இறந்தார்.

அந்த வேளையில் உடனிருந்தவன் ஒரு சிறுவன். கப்பற்தலைவர் தமக்கு ஏவல் செய்வதற்காகப் பரங்கிப்பேட்டையிலிருந்து கொண்டுவந்தவன் அவன். எசமானர் தன் நிறத்தவரிடம் சிறைப்பட்டதைக் கண்டபின் அவன் கட்டளைகளுக்குப் பணிய மறுத்தான் என நூல் குறைகூறுகின்றது. நாம் அதனை ஓர் அடிமைப்பட்ட சிறுவனின் சிறு விடுதலையாகவும் படிக்கலாம். எனினும், மொழியறியாத மகனுக்காக அடக்கத்திற்கு உதவி வேண்டி ஊராரிடம் சென்றவன் அவனே. ஊரார் மாடு கட்டும் பெரிய கயிற்றைக் கொண்டுவந்து, பிணத்தைக் காட்டுக்கு இழுத்துச் செல்லலாம் என்றனராம். வேறு உதவி வேண்டுமாயின் கூலி தருக என்றனராம். இறுதியில் கூலிக்கு ஓர் ஆளை அமர்த்தியே அடக்கம் நிகழ்ந்தது. இச்செய்தியை ஊராரின் கொடுமைக்குச் சான்றாகக் கொள்வோர் ஒன்றைக் கருதல் வேண்டும். அவர்கள் சொன்னதன் பொருள் முன்னரே விளங்கியிருப்பின் கூலி கொடுக்கத் தயங்கியிரேன் என மகனே எழுதுகின்றார். ஊராரின் கூற்று நமக்குக் கிட்டுவது, மொழி விளங்காது துயருற்றிருந்த ஓர் இளைஞரின் நினைவு வழியாகவே.

1893இல் மூதூரில் நாட்டப்பட்ட நினைவுக்கல், 'ஆன்' கப்பலின் தலைவர் றொபேட் நொக்ஸ் அவ்விடத்தில் பிடிபட்டதாகவும், நொக்ஸ் பத்தொன்பது ஆண்டுகள் சிறையிருந்ததாகவும் கூறுகின்றது. பிடிபட்ட தலைவர் தந்தை. பத்தொன்பது ஆண்டுகள் சிறையிருந்தவர் மகன். இருவரையும் ஒருவராக்கியதால், ஓராண்டுக்குள் மாண்ட தந்தையின் சாவு கல்லிலிருந்தே மறைந்துவிட்டது. நினைவு கூர்வதற்காக எழுப்பப்பட்ட சின்னமே மறதிக்குக் கருவியாயிற்று.

கப்பற்தலைவருக்கேனும் ஒரு நூலும், பிழையுடையதாயினும் ஒரு கல்லும் உண்டு. அவரைப் புதைக்க உதவி தேடிச் சென்ற பரங்கிப்பேட்டைச் சிறுவனுக்கு நூலில் ஒரு பெயர்கூட இல்லை. கைதியின் பணியாளனாய்ச் சிறைக்குள்ளும் சிறையுற்ற அவனை நினையாது, கொட்டியாரத்துக் கைதிகளின் வரலாறு நிறைவுறாது.