எல்லை மாறினாலும் பெயர் மாறுவதில்லை

பழைய மாணவிகளில் பலர் இன்று வாழும் ஹரோ, வெம்பிளி, சவுத்தோல் ஆகிய இடங்கள் முன்னர் மிடில்செக்ஸ் என்னும் கவுண்டியைச் சேர்ந்திருந்தன. கவுண்டி என்பதை ஏறத்தாழ எமது மாவட்டம் எனலாம். இங்கிலாந்தின் பழைய கவுண்டிகளிற் பெரும்பாலானவை 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே நிலப்பதிவேட்டிலேயே இடம்பெற்றுள்ளன.

நகரங்கள் பெருகியபோது நிருவாகத்துக்குப் புதிய எல்லைகள் தேவைப்பட்டன. 1965 ஏப்ரல் 1ஆம் திகதி மிடில்செக்ஸ் கவுண்டி சபை ஒழிக்கப்பட்டது. அதன் பெரும்பகுதி பெரிய லண்டனுடன் இணைந்தது. 1974இல் யோர்க்ஷயரின் மூன்று 'ரைடிங்' பிரிவுகளும் கலைக்கப்பட்டன. மிகச் சிறிய கவுண்டியான ரட்லண்ட், லெஸ்டர்ஷயருக்குள் அடக்கப்பட்டது.

ஆனாலும் மக்கள் அப்பெயர்களைக் கைவிடவில்லை. மிடில்செக்ஸ் கிரிக்கெட் கழகம் லோர்ட்ஸ் மைதானத்தில் இன்றும் அதே பெயரில் விளையாடுகிறது. ஓகஸ்ட் 1ஆம் திகதி யோர்க்ஷயர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. ரட்லண்ட் 1997இல் தனக்கென ஒரு சபையை மீண்டும் பெற்றது. என்னிடம் வரும் முதிய நோயாளிகள் சிலர் முகவரி கேட்டால் இன்றும் மிடில்செக்ஸ் என்றே முடிப்பார்கள்.

யாழ்ப்பாணத்தவர்க்கு இது புதிதன்று. வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என்பன பழைய பிரிவுகள். இன்று யாழ். மாவட்டத்தில் 15 பிரதேச செயலகப் பிரிவுகள் உள்ளன. ஆயினும் ஒருவரை அறிமுகம் செய்யும்போது "வடமராட்சிப் பக்கம்" என்றுதான் சொல்கிறோம். பேச்சின் இழுவையும் சமையலின் கைப்பக்குவமும் அச்சொல்லோடு சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன. 1995இல் வலிகாமத்து மக்கள் வீடு வாசலை விட்டுத் தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது, பலரால் கொண்டுபோக முடிந்தது ஊர்ப்பெயரை மட்டுமே. பின்னர் கொழும்பிலும் கனடாவிலும் அவர்கள் ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடித்ததும் அப்பெயரால்தான்.

மிடில்செக்ஸின் பெயரை அரசாங்கம் காக்கவில்லை. ஒரு விளையாட்டுக் கழகமும் முகவரி எழுதிய சாதாரண மக்களுமே காத்தார்கள். எமது ஊர்ப்பெயர்களுக்கும் அத்தகைய காவல் வேண்டும். ரொறன்ரோவிலோ சிட்னியிலோ பிறந்த பிள்ளைக்கு "யாழ்ப்பாணம்" என்ற சொல் தெரியும். அம்மம்மா வலிகாமமா, தீவகமா என்பது தெரியாது. நாம் சொல்லாவிட்டால் அதைச் சொல்ல இனி ஆளில்லை.

எமது சங்கம் நூறு ஆண்டுகளாகக் கல்லூரியின் பெயரைக் காத்து வந்திருக்கிறது. இம்மலரை வாசிக்கும் ஒவ்வொருவரும் தமது ஊர், குறிச்சி, கோயில், குளம் ஆகியவற்றின் பெயர்களை ஒரு தாளில் எழுதிப் பிள்ளைகளின் கையில் கொடுங்கள். அதற்கு ஒரு மாலைப்பொழுது போதும்.