தானமும் சபையும்

வத்தலக்குண்டிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ஒரு கிராமத்தில் சமுதாயக் கூடம் ஒன்று இருக்கிறது. ஊர்ப் பெரியவர் ஒருவர் தானமாகக் கொடுத்த இடத்தில் கட்டியது. வாசல் சுவரில் அவர் பெயரைக் கருங்கல்லில் பொறித்து வைத்திருக்கிறார்கள். தானத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ரோட்டோரம் இருந்த அந்த இடம் அன்றைக்கே நல்ல விலை போயிருக்கும். ஆனால் கூடத்தின் சாவி மட்டும் அவர் வீட்டு ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

1998ல் ஒரு கிராம சபைக் கூட்டத்துக்கு என்னைப் பற்றாளராக அங்கே அனுப்பினார்கள். கூடத்துக்குள் முப்பது பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். காலனிக்காரர்கள் வெளியே வேப்பமரத்தடியில் நின்றார்கள். "உள்ளே வாங்களேன்" என்று நான் ஒரு தடவை கூப்பிட்டேன். "இருக்கட்டும் சார், இங்கேயே கேக்குது" என்றார் ஒரு பெரியவர். இரண்டாவது தடவை நான் கூப்பிடவில்லை. கூட்டம் முடிந்ததும் தீர்மானப் புத்தகம் மரத்தடிக்குப் போய், கையெழுத்தும் கைநாட்டுமாகத் திரும்பி வந்தது. "அனைவரும் கலந்துகொண்டு ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்று எழுதியது என் கைதான். அவர்கள் கேட்ட தெருக்குழாய் அந்தத் தீர்மானத்தில் இல்லை.

இத்தனை வருடம் கழித்து இதை எழுதக் காரணம் ஒரு நண்பர். ஓய்வு பெற்ற ஆசிரியர். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். சொந்தக் கிராமத்தில் தாத்தா பெயரில் ஒரு படிப்பகம் கட்டித் தரலாம் என்று பணம் சேர்த்திருக்கிறார்கள். "சார், எப்படிக் கொடுத்தா எல்லாருக்கும் பயன்படும்?" என்று கேட்டார். இந்தக் கேள்வியை நம் மண் முன்பே கேட்டு, பாதி விடையும் கண்டுபிடித்திருக்கிறது. அந்தக் கதையைத்தான் அவருக்குச் சொன்னேன்.

1951 ஏப்ரல் 18 அன்று தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் நிலமில்லாத ஹரிஜனக் குடும்பங்கள் வினோபா பாவேயிடம் நிலம் கேட்டன. கூட்டத்தில் இருந்த ராமச்சந்திர ரெட்டி என்ற நிலக்கிழார் எழுந்து 100 ஏக்கர் தருவதாகச் சொன்னார். பூதானம் அங்கே பிறந்தது. வினோபா ஊர் ஊராக நடந்தார். 1957க்குள் 5 கோடி ஏக்கர் திரட்டுவது இலக்கு. கிடைத்தது மொத்தத்தில் சுமார் 40 லட்சம் ஏக்கர். அதிலும் பாறையும் வழக்கும் நிறைய.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு இந்தக் கதை முதலில் தமிழில் வந்து சேரவில்லை. இத்தாலியில் பிறந்து பிரெஞ்சில் எழுதிய லான்சா தெல் வாஸ்தோ என்பவர் வினோபாவோடு நடந்துவிட்டு 1954ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். பள்ளி நாட்களில் அதைப் படித்தபோது இது எங்கோ வடநாட்டுச் சங்கதி என்று நினைத்தேன். வேலை கிடைத்து இந்தப் பக்கம் வந்த பிறகுதான், வினோபா 1956லும் 57லும் தமிழ்நாட்டில் மாதக்கணக்கில் நடந்தார் என்பதும், இங்கே அந்த இயக்கம் ஆழமாக வேரூன்றிய இடம் நம் பழைய மதுரை மாவட்டம் என்பதும் தெரிந்தது. (திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985ல் என்பது நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும்.)

பூதானத்தில் ஒரு குறை உண்டு. கொடுத்தவர் கொடுத்தவராகவே இருக்கிறார், வாங்கியவர் வாங்கியவராகவே இருக்கிறார். நிலம் கை மாறினாலும் தலை குனிவது மாறுவதில்லை. இதை வினோபாவும் உணர்ந்திருக்க வேண்டும். அடுத்த படியாக வந்தது கிராமதானம். பின்னால், 1965ல், அதைச் சுலபமாக்கி வகுத்த விதிகளைப் பாருங்கள். நிலம் உள்ளவர்களில் முக்கால் பங்கினர் சம்மதித்து, தங்கள் நிலத்தின் உரிமையைக் கிராம சபைக்கு எழுதித் தர வேண்டும். அதில் இருபதில் ஒரு பங்கு நிலமற்றவர்களுக்குப் போகும். மீதியை அவரவரே உழுது அனுபவிக்கலாம், ஆனால் வெளியாருக்கு விற்க முடியாது. விளைச்சலில் நாற்பதில் ஒரு பங்கு கிராம நிதிக்கு. கூலிக்காரரும் மாதத்தில் ஒரு நாள் கூலியை அதே நிதிக்குத் தர வேண்டும். ஊரில் வயது வந்த எல்லாரும் சபை உறுப்பினர்கள்.

என் கண்ணுக்கு இதில் பெரிய விஷயம் அந்த ஒரு நாள் கூலிதான். எதுவும் இல்லாதவரும் கொடுப்பவர் ஆகிவிடுகிறார். பிறகு அவர் சபைக்குள் வரும்போது யாருக்கும் கடன்பட்டவராக வர வேண்டியதில்லை. தன் பணம் என்ன ஆனது என்று கணக்குக் கேட்கவே வரலாம். மரத்தடியில் நிற்கிறவருக்கும் பாயில் உட்கார்ந்திருப்பவருக்கும் உள்ள தூரத்தைக் குறைக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

இந்தப் பகுதியில் இதற்காக நடந்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர்கள் சங்கரலிங்கம் ஜெகந்நாதனும் அவர் துணைவியார் கிருஷ்ணம்மாளும். அவர் ராமநாதபுரம் சீமையின் வசதியான குடும்பத்துப் பிள்ளை. அம்மையார் 1926ல் நம் திண்டுக்கல் பக்கத்து அய்யன்கோட்டையில், நிலமில்லாத தலித் குடும்பத்தில் பிறந்தவர். அவரைப் படிக்க வைத்து ஆளாக்கியதில் டாக்டர் சௌந்தரம் அம்மாவுக்குப் பெரும் பங்கு உண்டு. டி.வி.எஸ். நிறுவனர் சுந்தரம் அய்யங்காரின் மகள், தன் கணவர் ஜி. ராமச்சந்திரனோடு சேர்ந்து 1947ல் சின்னாளபட்டி அருகே காந்திகிராமத்தைத் தொடங்கியவர். பணக்கார வீட்டுப் பெண் ஒருவர் ஒரு ஏழைப் பெண்ணுக்குக் கொடுத்த படிப்பு, பின்னால் ஆயிரக்கணக்கான பெண்களின் பெயரில் நிலப் பட்டாவாக மாறியது. அது எப்படி என்று சொல்கிறேன்.

கிராமதானம் பல ஊர்களில் காகிதத்தோடு நின்றுபோனது. கையெழுத்துப் போட்டார்கள், பத்திரம் மாறவில்லை. நிலம் கிடைத்த இடத்திலும் மாடு இல்லை, கிணறு இல்லை, விதை இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இத்தாலியின் சான்ரேமோ நகரத்துத் தத்துவ ஆசிரியர் ஜியோவானி எர்மிலியா தன் நாட்டு நண்பர்களிடம் பணம் திரட்டி அனுப்பினார். பூதான நிலங்களைப் பண்படுத்த அப்படித் தொடங்கிய முயற்சியே பின்னாளில் 'அசேபா' ஆனது.

இன்னொரு குறையும் இருந்தது. கிராமதான சபையில் ஓட்டு கிடையாது, எல்லாம் ஏகமனதாகத்தான். கேட்க அழகான சொல். ஆனால் ஒருவரிடம் வேலை செய்து பிழைக்கிறவர், அதே ஆளுக்கு எதிராகக் கை தூக்குவாரா? மௌனத்தையும் சம்மதம் என்று எழுதிவிடலாம். நானே எழுதியிருக்கிறேன்.

1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட பிறகு ஜெகந்நாதன் தம்பதி தஞ்சைப் பக்கம் போனார்கள். மனம் மாறித் தானம் தருவார்கள் என்று காத்திருந்தால் போதாது என்று அங்கே கண்டார்கள். 1981ல் 'லாஃப்டி' என்ற அமைப்பைத் தொடங்கி, கடன் ஏற்பாடு செய்து நிலத்தை விலைக்கே வாங்கி, பெண்கள் பெயரில் பதிவு செய்தார்கள். பட்டா கையில் இருக்கும் பெண்ணுக்குக் கூட்டத்தில் பேசும் குரலும் கொஞ்சம் உயரும். 2008ல் இருவருக்கும் 'மாற்று நோபல்' எனப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. அய்யா 2013ல் காலமானார்.

இதற்கிடையில் சட்டமும் வந்தது. 73வது திருத்தம் 1993 ஏப்ரல் 24ல் நடைமுறைக்கு வந்தது. 1994ல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1996ல் தேர்தல். பெண்களுக்கும் தலித்துகளுக்கும் நாற்காலி ஒதுக்கினார்கள். ஆனால் ஒதுக்கிய நாற்காலியில் உட்கார விட்டார்களா? மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனை 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் 2006 வரை முறையான தேர்தலே நடத்த முடியவில்லை. அந்தப் பெரியவர் "இங்கேயே கேக்குது" என்று சொன்னது மேலவளவு நடந்த மறு வருஷம் என்பதை, வீட்டுக்கு வந்து யோசித்த பிறகுதான் நான் கவனித்தேன்.

அந்த நாட்களில் காந்திகிராமப் பல்கலைக்கழகத்தில் புதிய ஊராட்சித் தலைவர்களுக்குப் பயிற்சி நடந்தது. பெண்களும் தலித் தலைவர்களும் அதில் கலந்துகொண்டார்கள். 1947ல் தனியார் கொடையில் பிறந்த ஓர் இடம், ஐம்பது வருடம் கழித்து, நாற்காலியில் உட்காரக் கற்றுக்கொடுக்கும் இடமாகியிருந்தது. நல்ல கொடை அப்படித்தான், கொடுத்தவர் நினைத்துப் பார்க்காத ஆளுக்கும் உதவும்.

வெளிநாட்டு உதாரணம் ஒன்றும் நண்பருக்குச் சொன்னேன். அமெரிக்க உருக்கு முதலாளி ஆண்ட்ரூ கார்னகி உலகம் முழுக்க 2,500க்கு மேற்பட்ட நூலகங்களுக்குப் பணம் கொடுத்தார். பெரும்பாலும் ஒரு நிபந்தனை வைத்தார். இடத்தை ஊர் தர வேண்டும். கட்டடச் செலவில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் ஊரே வரிப்பணத்திலிருந்து பராமரிப்புக்கு ஒதுக்க வேண்டும். அதனால் நூலகம் வேண்டுமா வேண்டாமா என்று ஊர் கூடிப் பேசியே ஆக வேண்டியிருந்தது. சில ஊர்கள் வேண்டாம் என்றும் சொல்லின.

நண்பர் இதைக் கேட்டதும் கொஞ்சம் கலங்கினார். "அப்ப நாம மொதல்ல கிராம சபையில கேக்கணுமா?"

"ஆமாம். எந்த இடத்தில் கட்டுவது, காலனிப் பிள்ளைகள் கூச்சமில்லாமல் வந்து போகிற இடமா, நிர்வாகக் குழுவில் யார் யார், எல்லாவற்றையும் அவர்களே பேசட்டும். ஓட்டுப் போட்டே முடிவெடுக்கட்டும். சாவி ஊராட்சியிடம் இருக்கட்டும்."

"தாத்தா பேரு?"

"தாராளமாகப் போடுங்கள். சாவிதான் வீட்டுக்குப் போகக் கூடாது."

"வேண்டாம்னு சொல்லிட்டா?"

"சொல்லலாம். அப்படிச் சொல்லும் உரிமையையும் சேர்த்துத்தான் நீங்கள் கொடுக்கிறீர்கள்."

நம் வத்தலக்குண்டு பேரூராட்சி என்பதால் இங்கே கிராம சபை கிடையாது. சுற்றியுள்ள ஊராட்சிகளில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது. வரும் ஜனவரி 26 அன்று நண்பர் தன் ஊர்ச் சபையில் இதை வைக்கப் போகிறார். துணைக்கு நானும் போகிறேன். இப்போது நான் பற்றாளர் இல்லை, எழுதும் வேலையும் கிடையாது. மரத்தடியில் யாராவது நின்றால், இரண்டாவது தடவையும் போய்க் கூப்பிடலாம்.