மெதுவாக அடி, தம்பி!

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் அண்ணன் போன் செய்தார். "அண்ணே, நான் பம்பு, வால்வு என்று பிழைக்கிறவன். எனக்கு என்ன எழுத வரும்?" என்றேன். "நீதானே நம்ம காலேஜ் டிரம்மர், அதைப் பத்தி எழுதுப்பா" என்று சொல்லி வைத்துவிட்டார். அவருக்கு அந்த நாள் மறந்துவிட்டது போலும். எனக்கு மறக்கவில்லை.

2008-ம் ஆண்டு கல்லூரி விழா. குச்சி பிடித்து நாலே மாதமான நான் மேடையில். கைதட்டலைக் கேட்டதும் கை தானாக வேகம் எடுத்தது. பாடிக்கொண்டிருந்த என் அறை நண்பனுக்கு மூச்சு வாங்கியது. இரண்டாவது சரணத்தில் வரி விட்டுப்போய் நின்றுவிட்டான். அரங்கமே ஊளையிட்டது. ஹாஸ்டலுக்குத் திரும்பும் வழியில், "ஏன்டா இப்படி ஓடினே?" என்று மட்டும் கேட்டான். அதற்குப் பிறகு அவன் மேடை ஏறவில்லை. நானும் குச்சியைத் தொடவில்லை.

நான்கு வருடங்களுக்கு முன் மறுபடி ஆரம்பித்தேன். அடுக்குமாடியில் டிரம்ஸ் அடித்தால் கீழ்வீட்டுக்காரர் சும்மா விடுவாரா? ரப்பர் ஒட்டிய பயிற்சிப் பலகைதான் கதி. அதில் தட்டிக்கொண்டே, இந்தப் பயிற்சி முறை எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். பொறியாளன் புத்தி போகுமா?

இதன் வேர் ராணுவத்தில் இருக்கிறது. வானொலி இல்லாத காலத்தில் படைவீரனை எழுப்பவும், நடக்க வைக்கவும், கூடாரத்துக்குத் திருப்பி அழைக்கவும் முரசொலிதான் கட்டளை. ஆளுக்கு ஒரு விதமாக அடித்தால் படை குழம்பிவிடும். ஆகவே அடிகளைச் சின்னச் சின்னப் பாடங்களாகப் பிரித்து எல்லோருக்கும் ஒன்றுபோலக் கற்பித்தார்கள். அவற்றுக்கு 'ரூடிமென்ட்' என்று பெயர். 1812-ல் அமெரிக்காவில் சார்லஸ் ஸ்டூவர்ட் ஆஷ்வொர்த் வெளியிட்ட நூலிலேயே இந்தச் சொல் இருக்கிறது.

1933-ல் டிரம் கலைஞர்கள் சிகாகோவில் கூடி ஒரு தேசியச் சங்கம் அமைத்தார்கள். 13 ரூடிமென்ட்களை அவசியப் பாடமாக வகுத்தார்கள். உறுப்பினராகச் சேர வேண்டுமானால் ஒரு பரீட்சை. ஒவ்வொன்றையும் மெதுவாகத் தொடங்கி, படிப்படியாக வேகம் கூட்டி, மறுபடி மெதுவாக இறங்கி வந்து முடிக்க வேண்டும். ஏறுவது யாருக்கும் வரும். இறங்குவதில்தான் சரக்கு தெரியும்! அந்தப் பரீட்சையில் 2008-ன் நான் முதல் நிமிடமே தோற்றிருப்பேன்.

1935-ல் பாஸ்டன் ஆசிரியர் ஜார்ஜ் லாரன்ஸ் ஸ்டோன் 'ஸ்டிக் கன்ட்ரோல்' என்ற பயிற்சி நூலை வெளியிட்டார். வலது, இடது என்ற இரண்டே எழுத்துகளை மாற்றி மாற்றிப் போட்ட பயிற்சிகள். ஒவ்வொன்றையும் நிறுத்தாமல் 20 தடவை வாசிக்க வேண்டும். தசை இறுகுவது தெரிந்தால் உடனே நிறுத்த வேண்டும். பலவீனமான இடது கைக்கு ஒளிந்துகொள்ள இடமே கிடையாது.

கூடவே மெட்ரோனோம். தலைகீழாக நிற்கும் ஊசல் அது. அச்சுக்குக் கீழே ஒரு எடை, மேலே தண்டில் நகரும் சிறு எடை. சிறு எடையை மேலே தள்ளினால் ஆட்டம் மெதுவாகும். ஆம்ஸ்டர்டாமில் விங்கெல் என்பவர் கண்டுபிடித்தது. ஆனால் 1815-ல் காப்புரிமை வாங்கிப் பேர் தட்டிக்கொண்டு போனவர் மெல்செல்! இன்று அது செல்போனுக்குள் வந்துவிட்டது.

புதிதாகக் குச்சி பிடிக்கும் தம்பி, தங்கைகளுக்கு நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் அடிப்பதைவிட தினமும் 20 நிமிடம் மேல். நிமிடத்துக்கு 60 அடியில் தொடங்குங்கள். பிசிறில்லாமல் வந்தால் மட்டும் நாலு கூட்டுங்கள். பிசகினால் வெட்கப்படாமல் இறங்குங்கள். வாசிப்பதைப் பதிவு செய்து கேளுங்கள். கை சொல்லும் பொய்யைக் காது கண்டுபிடித்துவிடும். நம் ஊர் மிருதங்க வாத்தியார்களும் 'தத் தித் தொம் நம்' பாடத்தை முதல் காலத்தில் நிலைநிறுத்தாமல் இரண்டாம் காலத்துக்கு விடமாட்டார்கள். எந்த ஊர் ஆனால் என்ன, வேகம் என்பது நிதானத்தின் பிள்ளைதான்.

கடைசியாக ஒரு செய்தி. இந்த மலர் உங்கள் கைக்கு வரும் நாள் மாலை, பழைய மெல்லிசைக் குழு மேடை ஏறுகிறது. பாடகனை மூன்று தடவை போனில் கெஞ்சினேன். மூன்றாவது தடவை சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதே பாட்டா? ஓட மாட்டியே?" என்றான்.

"மாட்டேன்டா" என்றிருக்கிறேன். நீங்கள்தான் வந்து சாட்சி சொல்ல வேண்டும்.