ஏரியாவும் எம்.ஜி.யும்: திரையரங்கிலிருந்து கேம் கடைவரை

நெடுஞ்சாலையில் பெங்களூரு நோக்கிப் போனால் நாட்றம்பள்ளியை அடுத்துப் பர்கூர் வரும். பக்கத்துப் பக்கத்து ஊர்கள்தான். ஆனால் தமிழ்த் திரைப்பட வியாபாரத்தில் நாட்றம்பள்ளி என்.எஸ்.சி. ஏரியா, அதாவது வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு; பர்கூரோ சேலம் ஏரியா. 1989இல் வட ஆற்காடு மாவட்டத்தைப் பிரித்தார்கள், 2019இல் திருப்பத்தூர் தனி மாவட்டமானது. ஏரியாக் கோடு மட்டும் அசையவில்லை. என்.எஸ்.சி. உரிமை வாங்கிய விநியோகஸ்தர் பர்கூர்க் கொட்டகைக்குப் படம் தர முடியாது. ஒரு சரக்கை இன்ன இடத்தில், இன்ன காலம்வரை நான் மட்டுமே விற்பேன் என்ற தனியுரிமைக்கு இதைவிடத் தெளிவான சான்று நம் பக்கத்தில் கிடையாது. பெரும் செலவில் எடுக்கப்படும் வீடியோ கேம்களின் கடைத் தனியுரிமையையும் இந்தக் கோட்டிலிருந்தே புரிந்துகொள்ளலாம் என்பது இக்கட்டுரையின் துணிபு.

தயாரிப்பாளரிடமிருந்து படம் கைமாற நான்கு வழிகள் உண்டு: அவுட்ரேட், எம்.ஜி. எனப்படும் மினிமம் கியாரண்டி, அட்வான்ஸ், கமிஷன். இவற்றில் எம்.ஜி.தான் நுட்பமானது. விநியோகஸ்தர் ஒரு தொகையை முன்னதாகக் கட்டிவிடுவார். படம் விழுந்தால் நட்டம் அவருடையது. கட்டிய பணமும் செலவும் கமிஷனும் போக மிஞ்சினால் அந்த ‘ஓவர்ஃப்ளோ’வைத் தயாரிப்பாளரோடு பங்கிடுவார். இதே எம்.ஜி.யை விநியோகஸ்தர் கொட்டகைக்காரர் தலையில் இறக்குவார். ஆகக் கடைசியில் ஆபத்தைச் சுமந்தது, படப்பெட்டி வர மாதக்கணக்கில் காத்திருந்த சி சென்டர், அதாவது சிற்றூர்க் கொட்டகைதான். பெருநகரில் ஓடித் தேய்ந்த பிரிண்ட்டுக்கும் ரொக்கம் வைத்தாக வேண்டியிருந்தது. 2002இல் ‘பாபா’ நட்டப்பட்டபோது ரஜினிகாந்த் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அதை இன்றும் பெருந்தன்மை என்றே பேசுகிறார்கள். ஒப்பந்தப்படி கொடுத்தார் என்று யாரும் சொல்வதில்லை. எம்.ஜி.யின் இயல்பு அதிலேயே தெரிகிறது.

வீடியோ கேமில் இந்தக் கதை தாமதமாகத் தொடங்கியது. வால்வ் நிறுவனம் 2003இல் ஸ்டீம் என்ற இணையத் தளத்தைத் தொடங்கியது. மறு ஆண்டு ‘ஹாஃப்-லைஃப் 2’ விளையாட ஸ்டீம் கட்டாயமானது. நாளடைவில் கணினி கேம் வாங்குவதென்றால் ஸ்டீம் என்றாகிவிட்டது. விற்பனையில் 30 விழுக்காடு கமிஷனும் நிலைத்தது. 2018 டிசம்பரில் எபிக் நிறுவனம் 12 விழுக்காட்டுக் கமிஷனோடு கடை விரித்தது. அதன் ‘ஃபோர்ட்நைட்’ கேம் ஈட்டித் தந்த பணம் கையில் இருந்தது. ஆனால் கமிஷன் குறைவு என்பதற்காக வாடிக்கையாளர் கடை மாறுவாரா? கமிஷன் அவர் கண்ணுக்கே தெரியாதது. ஆகவே சரக்கையே தன் கடைக்குள் கொண்டுவந்து பூட்ட வேண்டியிருந்தது.

‘மெட்ரோ எக்ஸோடஸ்’ கணக்கைக் கிட்டத்தில் பார்ப்போம். 2019 பிப்ரவரியில் வெளிவந்த இந்த கேம், வெளியீட்டுக்குச் சில வாரங்களே இருக்கையில் ஸ்டீமிலிருந்து விலகி, ஓராண்டுக்கு எபிக்குக்குப் போனது. அமெரிக்காவில் 59.99 டாலராக இருந்த விலை 49.99 ஆனது. ஸ்டீமில் பழைய விலைக்கு விற்றால் வெளியீட்டாளர் கையில் ஏறத்தாழ 42 டாலர். எபிக்கில் பத்து டாலர் குறைத்து விற்றும் 44. விலையைக் குறைக்காமல் விற்றிருந்தால் விற்பனை ஐந்தில் ஒரு பங்கு சரிந்தாலும் வருமானம் குறையாது. சரிவு அதற்கு மேல் போனால் தாங்குவதற்குத்தான் கடை தரும் எம்.ஜி. அதே ஆண்டு வந்த ‘கன்ட்ரோல்’ கேமுக்காக எபிக் கொடுத்தது 94.9 லட்சம் யூரோ. ‘பார்டர்லேண்ட்ஸ் 3’ ஆறு மாதம் எபிக்கில் மட்டும் இருந்துவிட்டு 2020 மார்ச்சில் ஸ்டீமுக்கு வந்தது. சி சென்டருக்குப் பெட்டி வந்து சேர்ந்தது போலத்தான்!

ஒரு வேறுபாடு முக்கியமானது. ஏரியா எம்.ஜி.யில் கீழே இருப்பவர் மேலே இருப்பவருக்குக் கட்டினார். இங்கே கடைக்காரரே பெரிய பணக்காரர். ஆப்பிளோடு எபிக் நடத்திய வழக்கின் ஆவணங்களில், 2020க்கு மட்டும் 44.4 கோடி டாலர் எம்.ஜி.க்கு எபிக் ஒப்புக்கொண்டிருந்தது வெளிப்பட்டது. அந்த ஆண்டுக்கு அது எதிர்பார்த்த வருமானமோ 40.1 கோடி. தெரிந்தேதான் நட்டப்பட்டார்கள். ஒரு கேமின் லாபத்துக்காக அல்ல, வாங்குகிறவரின் வழக்கத்தை மாற்றுவதற்காகக் கொடுத்த பணம் அது. ஸ்டீமும் நிபந்தனையின்றி 88 விழுக்காடு தந்தால் தனியுரிமையை நிறுத்திவிடுவதாக எபிக் தலைவர் டிம் ஸ்வீனி 2019இல் சொன்னார். ஸ்டீம் அசையவில்லை.

தமிழ்நாட்டிலும் இதே திருப்பம் நேர்ந்தது. 2013இல் ‘விஸ்வரூப’த்தை முதலில் டி.டி.எச்.சில் காட்டக் கமல்ஹாசன் முனைந்தபோது கொட்டகைக்காரர்கள் எதிர்த்து நிறுத்திவிட்டார்கள். 2020 மே 29 அன்று ‘பொன்மகள் வந்தாள்’ நேரே அமேசான் பிரைமுக்குப் போனபோது எச்சரிக்கைக்கு மேல் அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அன்று கொரோனாவால் கொட்டகைகளே பூட்டிக் கிடந்தன. 2021இல் ‘மாஸ்டர்’ ஜனவரி 13இல் திரைக்கு வந்து 29ஆம் தேதி பிரைமில் வந்தது. கொட்டகையின் தனியுரிமை 16 நாளாகச் சுருங்கியது. 2023இல் ‘லியோ’ எட்டு வாரம் பொறுக்காமல் ஓ.டி.டி.க்குப் போக ஒப்புக்கொண்டதால், அதன் இந்திப் பதிப்பை வடக்கே அந்த இடைவெளியை வலியுறுத்திய பெரிய மல்ட்டிபிளெக்ஸ் நிறுவனங்கள் திரையிடவில்லை. ஒரு கடையிடம் வாங்கிய விலைக்கு இன்னொரு கடையின் வாசல் அடைபட்டது. தனியுரிமையின் உண்மையான செலவு இதுதான்; ஒப்பந்தத் தாளில் இது எழுதப்படுவதில்லை.

ஓ.டி.டி.யின் பணப்பை பெரிது என்பதால் நாட்றம்பள்ளி போன்ற ஊர்களின் கொட்டகைக்காரர் எம்.ஜி. ஆபத்திலிருந்து தப்பினார் என்று நினைக்கத் தோன்றும். எனக்கு அப்படிப் படவில்லை. அவர் கட்டிய எம்.ஜி. அவரைப் பேரத்தில் ஓர் ஆளாக வைத்திருந்தது. இப்போது படம் ஓ.டி.டி.க்குப் போகும் தேதியைக்கூட அவரைக் கேட்டு வைப்பதில்லை.

கேம் உலகில் எபிக் அடுத்த படிக்கும் போய்விட்டது. 2023 அக்டோபரில் வந்த ‘ஆலன் வேக் 2’வுக்கு எபிக்கே முழுச் செலவும் செய்தது. கணினியில் அது ஸ்டீமுக்கு வரவில்லை. செலவு முழுவதும் கழிந்து, உருவாக்கிய ரெமெடி நிறுவனத்துக்கு ராயல்டி வரத் தொடங்க ஓராண்டுக்கு மேல் ஆனது. பூஜை போட்ட அன்றே மொத்தப் பணத்தையும் இறக்கிவிட்டு, நெகட்டிவைத் தன் கையில் வைத்துக்கொள்ளும் பைனான்சியரின் இடம் அது. அங்கே ஏரியா பிரிக்கும் பேச்சுக்கே இடமில்லை.