கடதாசி பகிரும் கையும் கணினியும்

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் '304' விளையாட்டை அறியாத ஊர் அரிது. 32 கடதாசிகள்; நால்வர்; இரண்டு கட்சிகள். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, கிங்குக்கு 3, குயினுக்கு 2 எனச் சாதியொன்றுக்கு 76 புள்ளிகள். நான்கு சாதிகளையும் கூட்டினால் 304. பெயரே கணக்கு.

அரசனையும் ஆஸையும் கீழே தள்ளி ஜாக்கும் ஒன்பதும் முதலிடம் பெறும் இம்முறை, நெதர்லாந்தில் தோன்றிய 'யாஸ்' குடும்ப ஆட்டங்களுக்கு உரியது என்பது ஆட்ட வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. 1638இல் புளியந்தீவுக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியவர்கள் ஒல்லாந்தர். நாம் இஸ்கோப்பன், கலாவரை என்று சொல்லும்போது அவர்களுடைய மொழியைத்தான் பேசுகிறோம்.

இன்று இதே ஆட்டம் கைத்தொலைபேசிக்குள் வந்துவிட்டது. கடல் கடந்து போன பிள்ளைகளும் ஊரிலிருக்கும் பெரியவர்களும் ஒரே மேசையில் அமர முடிகிறது. கூடவே ஒரு முறைப்பாடும் வந்தது. "மெஷின் களவாகப் பகிருது" என்று நான் பலரிடம் கேட்டிருக்கிறேன். இதைக் கிழட்டுப் புலம்பல் என்று ஒதுக்குதல் தகாது.

ஏனெனில், அப்படி நடந்திருக்கிறது. 1999இல் இணையப் போக்கர் மென்பொருள் நிறுவனமொன்று, தன் நேர்மையை மெய்ப்பிக்கவென்று, சீட்டுக் கலைக்கும் வழிமுறையைத் தானே வெளியிட்டது. அமெரிக்க வல்லுநர் சிலர் அதைப் படித்துப் பார்த்தனர். கலைப்புக்கு வித்தாக அமைந்தது, நள்ளிரவு முதல் கழிந்த மில்லிசெக்கன்களின் எண்ணிக்கை. ஒரு நாளில் அவை 8 கோடியே 64 இலட்சம் மட்டுமே. 52 சீட்டுகளை அடுக்கக்கூடிய வகைகளோ, 8ஐ அடுத்து 67 சுழியங்கள் எழுதவேண்டிய அளவு! தம் கணினியின் கடிகாரத்தை அந்நிறுவனத்தின் கடிகாரத்தோடு ஒத்துவைத்து, கண்ணில் பட்ட ஐந்து சீட்டுகளைக் கொண்டே எல்லோருடைய கையையும் அவர்கள் சொல்லிவிட்டனர். பிழை திருத்தப்பட்டது.

ஆயினும் நம்மவரின் முறைப்பாட்டுக்கு வேறொரு காரணமும் உண்டெனக் கருதுகிறேன். விழுந்த பிடிகளை அள்ளியெடுத்து, இரண்டு தடவை அரைகுறையாகக் கலைத்து, ஒருவர் வெட்ட, மற்றவர் பகிர்வார். 52 சீட்டுக் கட்டொன்று நன்கு கலைய ஏறத்தாழ ஏழு தடவை விசிறிக் கலைக்க வேண்டுமென்று பேயரும் டயக்கோனிஸும் 1992இல் காட்டினர். நம் திண்ணைகளில் அதற்கு யாருக்குப் பொறுமை! ஆகவே கையால் பகிர்ந்த ஆட்டத்தில் முந்திய ஆட்டத்தின் தடம் எப்போதும் எஞ்சியிருந்தது. கூர்ந்து நினைவு வைப்பவர் வென்றார்; அதைத் திறமை என்றோம்.

கணினிக்கு அந்த நினைவு இல்லை. கேள்வி கேட்குமுன் கிடைக்கும் முதல் நான்கு கடதாசிகளில் ஒரு ஜாக்காவது இருப்பதற்கான வாய்ப்பு 43 சதவீதம். நான்கும் ஒரே சாதியாக அமைவது, ஒருவருக்கு ஏறத்தாழ 128 பகிர்வுகளுக்கு ஒருமுறை; மேசையிலுள்ள நால்வரில் எவருக்காவது என்றால் 32க்கு ஒருமுறை. நேர்மையான இயந்திரம் ஓரிரு மாலைகளுக்குள் எவரோ ஒருவருக்கு அப்படியொரு கையைக் கொடுத்தே தீரும். எதிர்க்கட்சிக்காரர் அன்றைக்கு அதைக் களவென்பார்.

காசு வைத்து ஆடும் தளங்களின் கதை வேறு. அங்கே வித்து எங்கிருந்து வருகிறது, அதைச் சோதித்த வெளியார் எவர் என்று கேட்க ஆடுபவருக்கு உரிமையுண்டு. திண்ணையில் வெட்டுவதற்குக் கட்டை நம் கையில் தந்தார்கள். கைத்தொலைபேசியில் வெட்டுவது எவர்?