ஆந்தூஹார்: சிலை புதுசு, தேதி பழசு

ரோமுக்கு யாத்திரை போனவரை ஸ்பானிஷில் 'ரொமேரோ' என்பார்கள். அதிலிருந்து வந்த சொல்தான் 'ரொமெரியா'. ஊரே கிளம்பி ஒரு மலைக்கோயிலுக்குப் போகும் திருவிழா.

இதில் மிகப் பழையவற்றில் ஒன்று தென் ஸ்பெயினின் ஆந்தூஹாரில் நடக்கிறது. சியெரா மொரேனா மலைக்குள் சுமார் 30 கி.மீ. போனால் கபேசோ குன்று. மாதாவுக்கே 'கபேசா மாதா' என்று குன்றின் பெயர்தான். 1227-இல் ஓர் ஆட்டிடையருக்கு இங்கே மணிச்சத்தம் கேட்டது, போய்ப் பார்த்தால் மாதா சிலை என்பது ஐதீகம். கூட்டம் குதிரையிலும் கால்நடையாகவும் ஏறுகிறது. சிலை தோளில் வரும்போது, குழந்தைகளைக் கைமாற்றி மேலே தூக்கிவிட்டு மாதாவின் அங்கியில் தொட வைக்கிறார்கள்.

ஆனால் இன்று அவர்கள் தொடுவது அந்தப் பழைய சிலை இல்லை. 1936 உள்நாட்டுப் போரில் ஃபிராங்கோ பக்கம் நின்ற சிவில் கார்டு படையினர், குடும்பங்களோடு கோயிலுக்குள் தஞ்சம் புகுந்தார்கள். குடியரசுப் படை பல மாதங்கள் முற்றுகையிட்டது. 1937 மே 1-இல் கோயில் வீழ்ந்தபோது மிஞ்சியது இடிபாடுகள்தான். சிலை காணாமலே போய்விட்டது. இப்போதிருப்பது 1940-களில் செதுக்கியது. கோயிலும் திருப்பிக் கட்டியதுதான். ஃபிராங்கோ ஆட்சி அந்த இடத்தைத் தன் வீரக்கதையாகவும் ஆக்கிக்கொண்டது.

அப்படியானால் எதுதான் பழசு? 1617-இல் வெளியான செர்வாண்டெஸின் கடைசி நாவலில், ஒரு கிழவி இந்தத் திருவிழாவைப் பற்றிச் சொல்கிறாள். எப்போது நடக்கும்? ஏப்ரல் கடைசி ஞாயிறு.

இன்றும் அதே ஞாயிறுதான். கல்லும் மரமும் போன பிறகும், ஜனங்கள் மலை ஏறும் நாள் மாறவில்லை.